மூன்றாவது தெரு எது?

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஓர் இரவு, என் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. நெட்டப்பாக்கத்தில் எங்கள் வீடு, மடுகரைச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. அவசர ஊர்தியின் ஓட்டுநர் தொலைபேசியில் வழி கேட்டார். "பிள்ளையார் கோயிலுக்கு அப்புறம் மூணாவது தெரு, கீழாண்ட திரும்புங்க" என்றேன். "கீழாண்டன்னா லெஃப்டா, ரைட்டா சார்?" என்றார். இடப்பக்கம் என்றேன். அவர் மூன்று எண்ணினார், திரும்பினார். வேறு தெரு. மீண்டும் அழைத்தார். "அடுத்த தெரு" என்றேன். அடுத்ததில் திரும்பியவர், மனைக்கல் நட்ட வெற்று நிலத்தின் கோடியில் சேற்றில் நின்றார். பக்கத்து வீட்டுப் பையன் டார்ச் விளக்குடன் ஓடிப்போய் அழைத்துவருவதற்குள் பதினொரு நிமிடங்கள் கழிந்துவிட்டன. சித்தப்பா பிழைத்துக்கொண்டார், இப்போது காலையில் ஏரிக்கரை வரை நடக்கிறார். ஆனால், அந்தப் பதினொரு நிமிடங்களுக்கும் பொறுப்பு என்னுடையது. அறுபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த ஊரில், என் வீட்டுக்கு எனக்கு வழி சொல்லத் தெரியவில்லை.

மறுவாரம் பகலில் கோயிலிலிருந்து நடந்து எண்ணிப் பார்த்தேன். கோயிலை ஒட்டியே ஒரு தெரு பிரிகிறது. எனக்கு அது கோயில் தெரு, கோயிலோடு சேர்ந்தது, எண்ணிக்கையில் வராது. ஓட்டுநருக்கு அதுதான் முதல் தெரு. அடுத்து ஒரு தெரு. பிறகு இருசக்கர வண்டி மட்டுமே நுழையும் ஒரு சந்து. அதை இருவருமே எண்ணவில்லை. பிறகு ஒரு தெரு. அது எனக்கு இரண்டு, அவருக்கு மூன்று. அதை அடுத்துச் செம்மண் கொட்டிய ஒரு பாதை. நான் அறிந்த நாளெல்லாம் அங்கே மல்லாட்டைக் கொல்லைதான் இருந்தது. மனைப்பிரிவு போட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. என் கால்கள் அதைத் தினமும் கடக்கின்றன. என் மனம் இன்னும் அதைத் தெருவாகப் பதியவில்லை. அதற்கும் அப்பால்தான் எங்கள் தெரு. நான் சொன்ன 'மூன்று', அந்த ஓட்டுநரின் கணக்கில் 'ஐந்து'.

நியூயார்க்கில் வேலை செய்யும் என் தம்பி மகனிடம் இதைச் சொன்னபோது, "இங்கெல்லாம் பிளாக் கணக்குல சொல்லிடுவோம் பெரியப்பா. நாலு பிளாக் நேரா, ஒரு பிளாக் இடதுன்னா முடிஞ்சுது" என்றான். அவன் சொன்னது என்னை விடவில்லை. பிளாக் என்றால் சரியாக என்ன? அதற்கு ஏன் நம்மிடம் ஒரு சொல் இல்லை?

நான்கு பக்கமும் தெருக்களால் சூழப்பட்ட கட்டடத் தொகுதியே பிளாக். வழி சொல்லும்போது அதற்கு இன்னொரு பொருளும் வருகிறது: ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரை உள்ள தொலைவு. முதலாவது ஓர் இடம். இரண்டாவது ஓர் அளவு. இந்த இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்க வேண்டுமானால் தெருக்கள் நேராக இருக்க வேண்டும், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மறுபுறமும் தொடர வேண்டும், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் அமைய வேண்டும். மன்ஹாட்டனுக்கு 1811ஆம் ஆண்டுத் திட்டத்தில் அப்படித்தான் கோடு போட்டார்கள். அங்கே வடக்குத் தெற்காக நடந்தால் இருபது பிளாக் ஒரு மைல். அங்கேயே கிழக்கு மேற்காகத் திரும்பினால் ஒரு பிளாக் அதைப்போல இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ நீளும். சிகாகோவில் எட்டு பிளாக்குக்கு ஒரு மைல். போர்ட்லாந்து நகரத்தின் பிளாக் 200 அடி. சால்ட் லேக் சிட்டியில் 660 அடி. ஒரே நாட்டில், ஒரே சொல்லுக்கு மூன்று மடங்கு வேறுபாடு. எனவே, பிளாக் என்பது மீட்டரைப் போன்ற அளவு அன்று. எதை எண்ணுவது, எதை விடுவது என்பதில் ஓர் ஊரார் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு அது. அமெரிக்காவிலும் ஒரு பக்கம் மட்டும் பிரியும் தெரு ஒரு பிளாக்கை முடிக்கிறதா, பின்புறச் சந்து கணக்கில் வருமா என்று வழக்கடிக்கத்தான் செய்கிறார்கள். 'வராது' என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போவதால் வண்டி ஓடுகிறது.

அத்தகைய கட்ட நகரம் நமக்கு அந்நியமும் அன்று. நெட்டப்பாக்கத்திலிருந்து பேருந்தேறினால், இடையில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளிவந்து, ஒரு மணி நேரத்தில் அதில் இறங்கிவிடலாம். புதுச்சேரி நகரத்தின் நேர்வீதிகளைப் பிரெஞ்சுக்காரர்களின் கொடை என்றே பலரும் எண்ணுகிறோம். பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர் ழான் தெலோஷ், பதினேழாம் நூற்றாண்டு டச்சு வரைபடங்களை ஆராய்ந்து, அந்தக் கட்டங்களின் தொடக்கம் டச்சுக்காரர்களுடையது என்று காட்டினார். 1693இல் ஊரைப் பிடித்து 1699இல் திருப்பித் தந்த அவர்கள், இருந்த ஆறாண்டுகளில் போட்ட கோடுகள் அவை. 1761இல் ஆங்கிலேயர்கள் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பின்னர் திரும்பிவந்த பிரெஞ்சுக்காரர்கள் அதே கோடுகளின் மேல் மீண்டும் கட்டினார்கள். அண்ணா சாலை, சுப்பையா சாலை, பட்டேல் சாலை, கடற்கரைச் சாலை ஆகியவற்றுக்கு நடுவே நகரம் இன்றும் தாயக்கட்டம் போலத்தான் இருக்கிறது.

ஆனால், அந்தத் தாயக்கட்டத்துக்குள்ளேயும் நாம் பிளாக் எண்ணுவதில்லை. நேரு வீதியில் ஒருவரை நிறுத்தி வழி கேட்டுப் பாருங்கள். "மிஷன் வீதியத் தாண்டி, காந்தி வீதிக்கு முன்னாடி" என்பார்; அல்லது "இங்கேர்ந்து மூணு வீதி தள்ளி" என்பார். கட்டடத் தொகுதிகளை யாரும் எண்ணுவதில்லை. அவற்றைப் பிரிக்கும் கோடுகளையே எண்ணுகிறோம். பிரெஞ்சு மொழியினரும் இப்படித்தான். 'வலப்பக்கம் இரண்டாவது தெரு' என்பதே அவர்கள் வழக்கம். கட்டடத் தொகுதிக்கு அவர்களிடம் ஒரு சொல் உண்டு. வீடுகளின் 'பத்தே' என்பார்கள். இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பண்டத்தின் பெயர் அது. நல்ல உவமைதான், ஆனால், அதைக்கொண்டு தொலைவு சொல்வது அரிது.

கோடுகளை எண்ணுவதில் உள்ள சிக்கல், எந்தக் கோட்டிலிருந்து தொடங்குவது என்பது. ஐந்து விரல்களுக்கு இடையே நான்கு சந்துகள்தான் உண்டு. நிற்கும் தெரு ஒன்றா, சுழியமா? தமிழில் இறந்தவருக்கு மூன்றாம் நாள் சடங்கு என்றால் இறந்த நாளையும் சேர்த்து எண்ணும் குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வாரத்தை 'எட்டு நாள்' என்றும் இரண்டு வாரத்தைப் 'பதினைந்து நாள்' என்றும் சொல்வதும் இந்தக் கணக்குதான். தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணுவது பழைய உலகத்தின் வழக்கம். அந்த ஓட்டுநர் கோயில் தெருவை ஒன்று என எண்ணியதில் தவறே இல்லை.

உண்மையில், இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் கருவி நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. நாம் அதைக் கவனமாகக் கையாள்வதில்லை. 'இரண்டு தெரு விட்டு' என்றால் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது. 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' மருந்து சாப்பிடுகிறவருக்கு இது புரியும். 'இரண்டு தெரு தாண்டி' என்றால் இரண்டையும் கடந்தாக வேண்டும். ஆனால், கடந்த உடனேயா, அடுத்த தெருவிலா என்பது தொங்கலில் நிற்கிறது. 'இரண்டு தெரு தள்ளி' என்பதுதான் ஆபத்தானது. இங்கிருந்து இரண்டாவது என்பவரும் உண்டு, நடுவே இரண்டு என்பவரும் உண்டு. எங்கள் வீட்டில் ஐந்து பேரைத் தனித்தனியே கேட்டேன். மூன்றுக்கு இரண்டு எனப் பிரிந்தார்கள்.

பிளாக் என்ற ஆங்கிலச் சொல் நம்மிடம் வராமலும் இல்லை. வந்த பிறகு அது வேறு வேறு வேலைகளில் அமர்ந்துவிட்டது. நெய்வேலி நகரியத்தில் பிளாக் என்றால் பல தெருக்களைக் கொண்ட ஒரு முழுப் பேட்டை. அங்கே 'ரெண்டு பிளாக் தள்ளி' என்று சொன்னால் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியத்தை பிளாக் என்பார்கள்; அது டஜன் கணக்கான கிராமங்கள். நகர நில அளவை ஆவணத்தில் வார்டு, அதற்குள் பிளாக், அதற்குள் எண். அடுக்ககத்தில் 'பி பிளாக்' என்பது ஒற்றைக் கட்டடம். ஒன்றியம் முதல் ஒரு கட்டடம் வரை எல்லாமே பிளாக். ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரை உள்ள நடை மட்டும் இல்லை.

அந்த நடைக்கு நம் கிராமங்கள் வைத்திருக்கும் அளவுகள் வேறு. கூப்பிடு தூரம் என்பது குரலின் அளவு. கல் என்பது மைலுக்கு வந்த பெயர். கிலோமீட்டர் வந்த பிறகும் பெரியவர்கள் 'ரெண்டு கல்லு' என்றே சொல்கிறார்கள். இவற்றைவிடவும் முக்கியமானது திசை. மேற்கு என்ற சொல்லில் மேல் இருக்கிறது, கிழக்கில் கீழ் இருக்கிறது. மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் நிலத்தில், தண்ணீர் வரும் பக்கம் மேல், போகும் பக்கம் கீழ். மேலாண்ட, கீழாண்ட, வடவாண்ட என்று எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் இருக்கும் அரிசிப் பானைக்குக்கூடத் திசை சொல்வார்கள். நடந்துவருகிறவர் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கிழக்கு மாறாது. இடமும் வலமும் மாறிவிடும். ஆனால், மழை இரவில் வண்டி ஓட்டுகிறவருக்குக் கிழக்கு தெரியாது. அன்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டது நியாயம்.

நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவை நினைத்தால் எனக்குச் சற்று ஆறுதல். 1972 டிசம்பரில் நிலநடுக்கம் அந்நகரத்தின் நடுப்பகுதியை அழித்தது. அங்கே இன்றும் முகவரி என்பது ஓர் அடையாளத்திலிருந்து தொடங்கும் வழிதான்: சின்ன மரம் இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு 'குவாத்ரா', மேலே ஒன்று. குவாத்ரா என்பது ஸ்பானிய அமெரிக்காவின் பிளாக். ஏரிப் பக்கம் என்றால் வடக்கு. மேலே என்றால் கிழக்கு, ஏனெனில் சூரியன் அங்கேதான் ஏறுகிறது. நமக்கு மேல் மேற்கு, அவர்களுக்கு மேல் கிழக்கு! மரம் போய்ப் பல காலம் ஆகியும் மரத்தின் பெயரால் வழி சொல்வதில் எனக்கு வியப்பில்லை. எங்கள் பக்கத்திலும் கீற்றுக் கொட்டகை சினிமாவைப் பிரித்து ஒரு தலைமுறை ஆகிறது. 'கொட்டாய் முக்கு' இருக்கிறது. ஜப்பான் இன்னொரு கோடி. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. கட்டடத் தொகுதிக்குத்தான் எண். தெரு என்பது எண்ணிட்ட இரண்டு தொகுதிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம்.

நமது முறை இந்த இரண்டிலும் சேராதது. இங்கே ஓர் இடத்தை அதன் அண்டை வீட்டார்தான் அடையாளம் காட்டுகிறார்கள். எந்த நிலப் பத்திரத்தையும் எடுத்துச் செக்குபந்தியைப் பாருங்கள்: இன்னார் மனைக்கு மேற்கு, தெருவுக்குக் கிழக்கு, இன்னார் வீட்டுக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு. எங்களுக்கு அடுத்துள்ள பாகூரில் கிடைத்த பல்லவர் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்ததைச் சொல்கிறது. அந்த நிலத்தையும் நான்கு எல்லைகளைச் சொல்லித்தான் குறித்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் எண்ணவில்லை; பக்கத்தில் யார் இருக்கிறார் என்று சொல்லிவருகிறோம். ஊரை அறிந்தவருக்கு இதைவிடத் துல்லியமான முறை இல்லை. அறியாதவருக்கு இதைவிடப் பயனற்றதும் இல்லை.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த முறையைப் புகழ்வது நேர்மையாகாது. கிராமத்தில் 'எந்தத் தெரு?' என்ற கேள்வி வழிக்காக மட்டும் கேட்கப்படுவதில்லை. தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகும். அதற்காகவே கேட்பவர்கள் இருக்கிறார்கள். 'காலனி' என்ற சொல் முகவரியில் வந்தவுடன், எதிரே இருப்பவர் முகத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தைத் தன் பணியிடத்தில் பார்த்ததாக என் பழைய மாணவர் ஒருவர் சொன்னார். புதுச்சேரியின் நேர்வீதிகளும் இதிலிருந்து தப்பவில்லை. செட்டித் தெரு, கோமுட்டித் தெரு, வெள்ளாளர் வீதி என்ற பெயர்களே அதற்குச் சான்று. அளவுகோல் வைத்துக் கோடு போட்டவர்களும் கட்டங்களுக்குள் சாதிவாரியாகத்தான் மக்களைக் குடியமர்த்தினார்கள். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எண்ணுக்கு ஒரு நன்மை உண்டு. 'ஐந்தாவது குறுக்குத் தெரு' என்பது யாருடைய பிறப்பையும் சொல்வதில்லை. நியூயார்க்கின் வறட்டு எண்கள் என்று நான் கேலி செய்தபோது தம்பி மகன் பதில் சொல்லாமல் இருந்தான். ஏன் என்று இப்போது புரிகிறது.

இந்நிலையில்தான் அஞ்சல் துறை 2025 மே மாதத்தில் 'டிஜிபின்' என்ற முறையை வெளியிட்டது. நாடு முழுவதையும் பெரிய கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் பதினாறாகப் பிரித்து, இப்படியே பத்துப் படிகள் இறங்கினால் ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டம் கிடைக்கிறது. ஒரு படிக்கு ஓர் எழுத்து அல்லது எண் என்று பத்துக் குறிகள். டச்சுக்காரர்கள் கடற்கரையில் போட்ட தாயக்கட்டம், இப்போது மல்லாட்டைக் கொல்லை, ஏரி, சுடுகாடு எல்லாவற்றின் மீதும் விரிந்துவிட்டது. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒரு குறி, மாட்டுத் தொழுவத்துக்கு வேறு குறி. யாருடைய சாதியும் அதில் இல்லை. கோயில் தெரு ஒன்றா, சுழியமா என்ற வழக்கும் இல்லை.

நல்ல ஏற்பாடு. ஆனால், நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்ந்திருக்கும்போது, பத்துக் குறிகளை ஒன்று மாறாமல் ஒப்பிப்பவர் யார்? கட்டம் இடத்தைச் சொல்கிறது, வழியைச் சொல்வதில்லை. வழி என்பது நகர்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, அவர் கண்ணில் படும் வரிசையில் சொல்ல வேண்டியது. அதற்குத் தேவையான மிக எளிய பொருள், தெருமுனையில் ஒரு பலகை. புதுச்சேரி நகரத்தில் பிரெஞ்சிலும் தமிழிலும் நீலப் பலகைகள் வைத்திருக்கிறோம். சுற்றுலா வருகிறவர்கள் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கொம்யூன் கிராமங்களில் பல தெருமுனைகளில் எதுவுமே இல்லை. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே புதிய பாதைக்கு ஒரு பெயரும் முனையில் ஒரு பலகையும் கட்டாயம் என்று வைத்தால், என்னைப் போன்ற கிழவனின் மனம் பதிந்தாலும் பதியாவிட்டாலும் அது தெருவாகிவிடும். அதற்கு ஆகும் செலவு ஒரு மின்விளக்குக் கம்பத்துக்கு ஆவதைவிடக் குறைவுதான்.

அதுவரைக்கும் எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் எண்ணிக்கை இல்லை, திசையும் இல்லை. "மடுகரை போற ரோட்டுல பிள்ளையார் கோயில் தாண்டி, இடது கைப்பக்கமே பார்த்துட்டு வாங்க. செம்மண் பாதை ஒண்ணு வரும், அதுல திரும்பாதீங்க. அதுக்கு அடுத்தாப்புல, முனையில் தண்ணித் தொட்டி இருக்கிற தெரு. ரைஸ் மில்லு வந்துட்டா தாண்டிட்டீங்கன்னு அர்த்தம்." கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னவர் சித்தப்பா. ஊர்தியில் படுத்திருந்தபோது அந்த ஓட்டுநர் தன் உதவியாளரிடம், தாண்டிவிட்டோமா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லையே என்று சொன்னது அவர் காதில் விழுந்ததாம்.